நடுவர் தின்ற துண்டு

மாத்தளை டவுனில் ஜமால்தீன் முதலாளியின் பேக்கரிக்கு ஒரு பின்வாசல் உண்டு. காலை பத்து மணிக்குப் பாண் ரொட்டி எல்லாம் சுட்டு இறக்கியாகி, விறகுப் போறணை அடுப்பின் சூடு தணியத் தொடங்கும் நேரம் பார்த்து, கிருஷ்ணம்மா தன் கேக் தட்டுகளைச் சுமந்துகொண்டு அந்த வாசலால் நுழைவாள். பதினெட்டு வருஷமாக இதுதான் நடப்பு. பாணுக்குக் கொதிக்கிற சூடு வேண்டும். லவ் கேக்குக்கு அது ஆகாது. பாண் வெந்து மிச்சம் வைத்த சூட்டில், அவசரமில்லாமல், இரண்டரை மணி நேரம் கிடக்க வேண்டும். தட்டின் அடியில் பன்னிரண்டு மடிப்பு பழைய பேப்பர், அதன்மேல் பட்டர் பேப்பர். ரவை, முந்திரிக் கஜு, சீனிப்பாகில் காய்ச்சிய பூசணி தோசி, தேன், சாதிக்காய், பன்னீர், முட்டையின் மஞ்சள் கரு. எல்கடுவத் தோட்டத்துப் பங்களாவில் குசினியில் சமையல் வேலைக்கு நின்ற காலத்தில் கை பழகியது. டவுனுக்கு வந்த பிறகு அதுவே அவளுக்குச் சோறு போட்டது.

அழகா என்று கேட்டால், இல்லை. லவ் கேக்குக்கு அழகு கிடையாது. தட்டையாக, கபில நிறத்தில், மேலே லேசாக வெடித்துக் கிடக்கும். பூ இல்லை, கிரீம் இல்லை. ஆனால் ஒரு துண்டை வாயில் போட்டவர்கள் அடுத்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள், பெருநாளுக்கு, கிறிஸ்மஸ் நத்தாருக்கு என்று தட்டுக் கணக்கில் சொல்லி வைப்பவர்கள், யாரும் அவளிடம் அழகைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு கார்த்திகை மாதம் ஒரு காலையில் ஜமால்தீன் முதலாளி போறணைக்குப் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். அவர் பின்பக்கம் வருவதே அபூர்வம்.

"தங்கச்சி, ஜனவரில கரண்ட்ல பாண் சுடுற மெஷின் வருது. இந்தப் போறணைய இடிக்கத்தான் ஈக்கி. இடம் பத்தாது. ஒங்களுக்கு இப்பவே சொன்னாத்தானே வேற எங்கயாவது பாத்துக்கொள்ள ஏலும்."

வேறு எங்கே பார்ப்பது? டவுனில் இருந்த மற்ற இரண்டு விறகுப் போறணைகளும் முன்னமே போய்விட்டன. வீட்டில் இருப்பது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு விறகு அடுப்பும். அடியில் மட்டும் எரிகிற அடுப்பில் லவ் கேக் வேகாது. நாலு பக்கமும் சூடு சுற்றி வர வேண்டும். முதலாளி போனதும், போறணைக்குப் பொறுப்பாக இருந்த நல்லையா தலையைக் குனிந்துகொண்டான். அவனும் எல்கடுவப் பக்கம்தான். இத்தனை வருஷமும் அவள் தட்டுகளை உள்ளே தள்ளி, திருப்பி, இழுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"மொதலாளி நல்ல மனுசன்தான்க்கா. மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. என்ன செய்ய?"

"நல்ல மனுசன் இடிச்சாலும் இடிச்சதுதானே நல்லையா," என்றாள் கிருஷ்ணம்மா.

அந்த நேரத்தில்தான் கிருஷ்ணம்மாவின் அடுத்த வீட்டு மஸீனா ஒரு பேப்பர் துண்டோடு ஓடி வந்தாள். கொழும்பிலிருந்து ஒரு டீவிக்காரர்கள் ஊர் ஊராகக் கேக் போட்டி வைக்கிறார்களாம். 'கேக் மகாராணி' என்று பெயராம். மாத்தளைக்கு வருகிறார்களாம்.

"மொதல் பரிசு என்னண்டு பாருங்க அக்கா. காஸ் ஒவன். நாலு தட்டு வைக்க ஏலுமாம், பெரிசு."

கிருஷ்ணம்மா பேப்பரை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள். 'சுவைக்கு ஐம்பது புள்ளிகள். அழகுக்கு ஐம்பது புள்ளிகள்.' அச்சில் அப்படித்தான் இருந்தது. அச்சில் இருப்பதை நம்பியதுதான் அவள் செய்த பிழை. அழகில் பத்தைக் கொடுத்தாலும் போகட்டும், சுவையில் அந்த ஐம்பதையும் அள்ளிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவள் ஒன்றும் பேராசைக்காரி இல்லை. அவளுக்கு மகாராணிப் பட்டம் வேண்டாம், டீவியில் முகம் வேண்டாம். நாலு தட்டு வைக்கக்கூடிய ஒரு ஒவன் வேண்டும். அது இல்லாவிட்டால் ஜனவரிக்குப் பிறகு கேக்கும் இல்லை, சோறும் இல்லை.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாளே போறணையில் வைத்து எடுத்த கேக்கைத் தட்டோடு வெள்ளைத் துணியில் கட்டி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு கிருஷ்ணம்மா போனாள். அது என்ன காலம் என்று தெரியும்தானே, யுத்தக் காலம். பஸ்ஸில் குண்டு, சந்தையில் குண்டு என்று தினமும் செய்தி. நாலு பேர் கூடுகிற இடமென்றால் வாசலில் சோதனை. மண்டப வாசலில் ஒரு சீருடைக்காரர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, பெயரைப் பார்த்தார், பிறந்த இடத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி பெயரைப் பார்த்தார்.

"மொக்கத மே?" என்று கட்டைக் காட்டி, என்ன இது என்றார்.

"கேக், மாத்தயா," என்றாள்.

அவர் துணியை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தாள். பக்கத்தில் சாத்தி வைத்திருந்த இரும்புக் கம்பியை எடுத்தார். அரிசி மூட்டை, மாவு மூட்டை எல்லாம் குத்திப் பார்க்கிற கம்பி. கேக்கின் நட்ட நடுவில் வைத்து ஒரே அழுத்து. கம்பி அடிப் பேப்பர் வரை போய்த் திரும்பி வந்தது. சுண்டு விரல் போகிற அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. அந்த மனிதர் கம்பி நுனியில் ஒட்டியிருந்ததை மோந்து பார்த்தார். பிறகு விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஹரி ரசய் அம்மே," என்றார். நல்ல ருசி அம்மா என்று அர்த்தம். சொல்லிவிட்டு, போ என்று கை காட்டினார்.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவள் கேக்கைத் தின்று பார்த்து அவள் முகத்துக்கு நேரே உண்மை சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். பிறகு யோசிக்கும்போதெல்லாம் இந்த எண்ணம்தான் கிருஷ்ணம்மாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும். ஓட்டை போட்டவனுக்கு இருந்த நேர்மை உள்ளே டை கட்டிக்கொண்டு புள்ளி போட்டவனுக்கு இல்லை.

அவள் துணியை மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. இலட்சுமி டீச்சர் இறங்கினார். பிரதான வீதியில் கேக் கடை வைத்திருப்பவர். ஐசிங் வகுப்பும் நடத்துகிறார், அதனால் ஊருக்கே டீச்சர். வேனிலிருந்து அவருடைய கேக் இறங்கியது. மூன்று தட்டு, ஆள் உயரம், வெள்ளை வெளேரென்று. சுற்றிவர ரோசாப்பூ, முத்துமணி, இரண்டு அன்னம். அதோடு சாட்டின் ரிப்பன் கட்டிய குட்டிப் பெட்டிகள் ஒரு தட்டம் நிறைய. சீருடைக்காரர் கம்பியோடு கிட்டப் போனார். வேனில் வந்த டீவிக்காரர், "ஏய், ஏய், அதைத் தொடாதீங்க, ஷூட்டிங் சாமான்," என்று ஓடி வந்தார். கம்பி பின்னால் போனது.

அந்த ஆள் உயரக் கேக்கை இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கையால் அலுங்காமல் தூக்கிக்கொண்டு படியேறியதைக் கிருஷ்ணம்மா பார்த்தாள். உள்ளே இருப்பது ரெஜிஃபோம்தான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டீவி வாங்கினால் பெட்டிக்குள் சுற்றி வருமே, வெள்ளையாக, காற்று மாதிரி, அதுதான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் கல்யாணத்துக்கு வைக்கிற ஸ்ட்ரக்சர் கேக் எல்லாம் அப்படித்தான். மேலே ஐசிங் பூசி மேடையில் வைப்பது பார்வைக்கு. வந்தவர்கள் வாயில் போடுவது குட்டிப் பெட்டிக்குள் வேறாக இருக்கும். 'பெட்டிக்குள்ள நல்ல கேக்தான் வெச்சிருப்பாங்க' என்று கிருஷ்ணம்மா நினைத்துக்கொண்டாள். டீச்சரைப் பற்றி அவள் ஒரு நிமிஷம்கூடத் தப்பாக நினைக்கவில்லை.

மேடையில் எட்டுப் பேருடைய கேக்குகளும் வரிசையாக இருந்தன. ஓட்டை விழுந்தது அவளுடையதில் மட்டும். நடுவர் கொழும்பிலே ஏதோ பெரிய ஹோட்டலில் கேக் பகுதிக்குப் பெரியவராம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். டீச்சருடைய அன்னங்களைச் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், கமராவைக் கிட்டக் கூப்பிட்டார். கிருஷ்ணம்மாவின் தட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"இதென்ன, நடுவுல ஓட்டை?"

"வாசல்ல குத்திப் பாத்தாங்க ஐயா. கம்பியால."

மைக் பிடித்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "அந்தக் கதை வேணாம் அம்மா. இதை வெட்டிருங்க," என்று கமராக்காரரிடம் சொல்லிவிட்டு, "மறுபடி எடுப்போம். ஓட்டை ஏன்னு கேட்டா, அவசரத்துல கவனிக்கலன்னு சொல்லுங்க," என்றாள்.

"அவசரத்துல நான் செய்யலையே."

"சும்மா ஒரு பேச்சுக்குத்தானே அம்மா."

"பேச்சுக்கும் சொல்ல மாட்டேன்," என்றாள் கிருஷ்ணம்மா. அதோடு மைக் அடுத்த கேக்குக்குப் போய்விட்டது. அழகுக்கு அவளுக்குக் கிடைத்தது ஆறு. போகட்டும், சுவைக்கு ஐம்பது இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சுவை பார்ப்பதைத் தனியாக எடுப்பார்களாம். கேக்கை எல்லாம் உள் அறையில் வைத்துவிட்டு எல்லாரும் வெளியே இருக்க வேண்டுமாம். இருந்தார்கள். நடுவில் ஒரு தடவை இலட்சுமி டீச்சரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் புள்ளிகளை வாசித்தார்கள். இலட்சுமி டீச்சருக்குச் சுவைக்கு நாற்பத்தெட்டு. கிருஷ்ணம்மாவுக்குச் சுவைக்கு இருபது.

இருபது. பதினெட்டு வருஷத்தில் ஒரு வீட்டிலும் ஒரு துண்டுகூட மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்பாத கேக்குக்கு இருபது. தட்டைத் திருப்பி வாங்கும்போது பார்த்தாள்: நடுவில் இருந்த துண்டைச் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள், ஓட்டையும் அதோடு போயிருந்தது. அப்படியென்றால் தின்றுதான் பார்த்திருக்கிறார்கள். தின்று பார்த்துத்தான் இருபது.

வீட்டுக்கு வந்து, மீதிக் கேக்கில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு மெதுவாக மென்றாள். தேன் கூடிவிட்டதா? சாதிக்காய் தூக்கலா? மஸீனாவுக்குக் கொடுத்துக் கேட்டாள்.

"ஒரு கொறையும் இல்ல அக்கா. எப்பவும் மாதிரித்தான் ஈக்கி. அந்தாளுக்கு வாய் சரியில்லையோ தெரியா."

"அப்படிச் சொல்ல வேண்டாம். டீச்சரோட பெட்டியில இருந்தது இதவிட நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றாள் கிருஷ்ணம்மா. சொல்வதற்கு நெஞ்சு வலித்தது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு வாரம் அவள் தன் கையையே சந்தேகப்பட்டாள். ரவை வறுக்கும்போது கை தயங்கியது. நத்தாருக்குச் சொல்லி வைத்திருந்தவர்களின் தட்டுக்குப் பன்னீரைக் கூட்டினாள், குறைத்தாள். நல்லையா அதைக் கவனித்துவிட்டு, "என்னக்கா, புதுசாப் பழகுறவங்க மாதிரி நிக்கிறீங்க?" என்றான். அவள் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

மார்கழி இரண்டாம் ஞாயிறு, மாலை நாலு மணிக்கு நிகழ்ச்சி. மஸீனா வீட்டு டீவி பெரிது, அங்கேதான் பார்த்தார்கள். கிருஷ்ணம்மா பார்க்க வேண்டாமென்றுதான் இருந்தாள். மஸீனா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

அன்னம் வந்தது, ரோசாப்பூ வந்தது. கிருஷ்ணம்மாவின் தட்டு இரண்டு நொடி வந்து போனது, 'கவனக் குறைவு' என்று ஒரு குரலோடு. பிறகு நடுவர் டீச்சரின் கேக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தட்டத்திலிருந்து சாட்டின் பெட்டி ஒன்றை எடுத்தார், ரிப்பனை அவிழ்த்தார், மூடியைத் திறந்து மோந்து பார்த்துக் கண்ணை மூடினார். துண்டை இரண்டு விரலால் எடுத்தார். கமரா கிட்டப் போனது. திரை முழுவதும் அந்தத் துண்டு.

கபில நிறம். மேலே மெல்லிய வெடிப்பு. நடுவில், வட்டமாக, சுண்டு விரல் அளவுக்கு ஓர் ஓட்டை.

நடுவர் கடித்தார், மென்றார். "இத்தனை வருஷ அனுபவத்துல இப்படி ஒரு லவ் கேக் நான் சாப்பிட்டதில்லை. சாதிக்காயும் பன்னீரும் ஒண்ணையொண்ணு மிஞ்சல. உள்ளே என்ன ஈரம் பாருங்க. அழகும் சுவையும் ஒரே கையில இருக்கிறது அபூர்வம்," என்றார். இன்னொரு கடி கடித்தார். இலட்சுமி டீச்சர் பக்கத்தில் நின்று, கைகளைக் கோத்துக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்தார்.

மஸீனா வாயில் கையை வைத்தாள். "அக்கா, அது..."

கிருஷ்ணம்மா எழுந்து நேரே மஸீனாவின் குசினிக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி துலக்கத் தொடங்கினாள். ஒரே தட்டுக் கேக். அவள் பெயருக்கு இருபது, டீச்சர் பெயருக்கு நாற்பத்தெட்டு. தோற்றதுகூடப் பெரிதில்லை. இரண்டு வாரம் தன் கையைத் தானே சந்தேகப்பட்டாளே, அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? மூன்றாவது சட்டியைத் தேய்க்கும்போதுதான் அழுகை வந்தது. அதைத் துடைத்துக்கொண்டபோது கோபம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை பிரதான வீதியில் டீச்சரின் கடைக்குள் நுழைந்தாள். வீதியைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் அந்த அன்னக் கேக், அதன் குறுக்கே 'மகாராணி' என்று எழுதிய பட்டி. கடைக்குள் நாலைந்து பெண்கள். மகளுக்குக் கல்யாணம் என்று ஓடர் கொடுக்க வந்த ஓர் அம்மா, "நேத்து டீவில அந்த நடுவர் கண்ண மூடிச் சாப்பிட்டாரே, அதே கேக்தான் பெட்டிக்கு வேணும் டீச்சர்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கிருஷ்ணம்மாவைக் கண்டதும் முகத்தை மாற்றிக்கொண்டார். "வாங்க கிருஷ்ணம்மா. என்ன விசயம்?"

"பரிசு வாங்கின கேக்கப் பாக்க வந்தேன் டீச்சர்."

அவள் பையில் எப்போதும் ஒரு சைக்கிள் கம்பி இருக்கும். கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற கம்பி. அதை எடுத்தாள். யாரும் தடுக்க முந்தி, அன்னக் கேக்கின் அடித் தட்டில் வைத்து அழுத்தினாள். ஐசிங் படக்கென்று உடைந்தது. உள்ளே கிறீச்சென்று பல் கூசுகிற சத்தம். கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனியில் இரண்டு வெள்ளைக் குருணி.

"கம்பி சுத்தமா வருது. நல்லா வெந்துருச்சு டீச்சர்."

"என்ன வேலை பாக்குறீங்க நீங்க?" டீச்சரின் குரல் உயர்ந்தது.

கல்யாண வீட்டு அம்மா கிருஷ்ணம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஸ்ட்ரக்சர்னா ரெஜிஃபோம்தானே. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. எனக்கும் தெரியும். அது தப்பே இல்ல." கிருஷ்ணம்மா கம்பியைத் துடைத்தாள். "நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த நடுவர் தின்னது என்ன?"

கல்யாண வீட்டு அம்மா டீச்சரைப் பார்த்தார்.

"அந்தத் துண்டுல ஒரு ஓட்டை இருந்துச்சே, எல்லாரும் பாத்தீங்களா? மண்டப வாசல்ல என் கேக்க ஒருத்தர் கம்பியால குத்தினாரு. நடுவுல. எட்டுப் பேரு வந்தோம், குத்து வாங்கினது என் கேக் மட்டுந்தான். டீச்சரோட பெட்டிக்குள்ள அந்த ஓட்டை எப்பிடிங்க வந்துச்சு?"

டீச்சர் அவளைக் கையைப் பிடித்துக் கடையின் பின்னறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார்.

"சத்தியமா நான் எடுக்கல கிருஷ்ணம்மா. பெட்டி எல்லாம் வெறும் பெட்டி. சும்மா ஷோவுக்குக் கொண்டுபோனேன். சுவை எடுக்கிற நேரம் உள்ள ஒண்ணும் இல்லன்னதும் அவங்களே ஒங்க தட்டுலருந்து வெட்டி வெச்சாங்க. ஷூட்டிங்ல அப்படித்தானாம். நான் என்ன சொல்றது?"

"வெறும் பெட்டின்னு சொல்லியிருக்கலாம்."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நைட்லருந்து போன் ஓயல. எல்லாரும் அந்தக் கேக்கைத்தான் கேக்கிறாங்க. எனக்கு அந்தக் கை இல்ல, மறைக்க ஒண்ணுமில்ல. நீங்க இங்க வந்து சுடுங்க. ஒங்களுக்குப் போறணை போகப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். இதப் பாருங்க."

மூலையில் அந்த ஒவன் நின்றது. பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் முழுதாகக் கழற்றவில்லை. கிருஷ்ணம்மா கிட்டப் போனாள். கதவைத் திறந்தாள். நாலு தட்டு. சொன்னபடியே நாலு தட்டு. கையை உள்ளே விட்டு நாலு பக்கமும் தடவிப் பார்த்தாள். சூடு சுற்றி வரத் தாராளமாக இடம் இருந்தது. இத்தனை நாளும் கனவு கண்டது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் பொய் சொல்ல மாட்டாள், ஆசையாகத்தான் இருந்தது.

"பெட்டியில என் பேரப் போடுவீங்களா டீச்சர்?"

"பெட்டியில கடைப் பேருதானே போடுறது. அது எப்படி..."

கிருஷ்ணம்மா ஒவன் கதவைச் சாத்தினாள், மெதுவாக, ஒரு சத்தமும் வராமல். ஒவன் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

"என் தட்டுல இருந்தப்போ அதுக்கு இருபது. ஒங்க பெட்டிக்குள்ள போனதும் நாப்பத்தெட்டு. இனிமே நானே கொண்டாந்து ஒங்க பெட்டிக்குள்ள போட்டேன்னா, அந்த இருபதுதான் சரின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும். ஒவன் ஒங்களுக்குத்தான் கெடச்சது, வெச்சுக்குங்க. நல்ல ஒவன். சும்மா போட்டு வெக்காதீங்க, துரு ஏறிரும்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கடை வாசலில் கல்யாண வீட்டு அம்மா காத்துக்கொண்டு நின்றார்.

"ஒங்கள எங்க வந்து பாக்கிறது?"

"ஜமால்தீன் முதலாளி பேக்கரிப் பின்வாசல். பத்து மணிக்கு மேல."

"கல்யாணம் பெப்ரவரில."

"ஜனவரில போறணைய இடிக்கிறாங்க. அதுக்கப்புறம் நான் எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாதும்மா," என்றாள் கிருஷ்ணம்மா. ஓடர் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை, இனிமேல் ஒரு பேச்சுக்காகச் சொல்வதை, அது தன் வாயிலிருந்து வந்தாலும், அவளால் தாங்க முடியாது.

கதை அவளுக்கு முந்தியே பேக்கரிக்குப் போய்விட்டது. மாத்தளை என்ன அவ்வளவு பெரிய ஊரா? அந்த வாரம் முழுக்கப் பின்வாசலில் ஆட்கள். டீவியில் ஓட்டையைக் கண்டவர்கள், கண்டதாகச் சொன்னவர்கள், கடையில் நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள். வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டு அம்மாவும் தன் தங்கையோடு வந்து, போறணை வாயில் நின்று மணத்தை இழுத்துக்கொண்டு, பெப்ரவரிக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். இடிக்கிறார்கள் என்று மறுபடி சொன்னாலும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் ஜமால்தீன் முதலாளி இரண்டாவது தடவையாகப் பின்பக்கம் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்த ஓட்டைய நானும் டீவில கண்டேன் தங்கச்சி. பாத்துக்கொண்டு ஈந்த நேரம் எனக்கே வயித்தெரிச்சல்." போறணையின் செங்கல்லை ஒரு தட்டுத் தட்டினார். "இடிக்கிற மேசன இனி மார்ச்சுக்கு வரச் சொல்லீக்கி. மெஷின முன்னுக்கு வைக்க ஏலுமாண்டு அளந்து பாக்கணும். ஏலாட்டி இடிக்கத்தான் வேணும். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிங்க முதலாளி. மார்ச் வரைக்கும் போதும்," என்றாள். போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நல்லையா தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தான். கிருஷ்ணம்மா ஆறவிட்டு, துண்டுகளாக வெட்டினாள். பிறகு பையிலிருந்து சைக்கிள் கம்பியை எடுத்தாள். முதல் துண்டின் நட்ட நடுவில் குத்தினாள். அடுத்த துண்டிலும் குத்தினாள். அடுத்ததிலும். வரிசை வரிசையாக, ஒன்றும் விடாமல்.

நல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. "அதான் வெந்துருச்சேக்கா. நல்லா இருக்கிறதப் போட்டு ஏன் குத்துறீங்க? பாக்க அசிங்கமாத் தெரியுது."

"தெரியட்டும்," என்றாள் கிருஷ்ணம்மா, கையை நிறுத்தாமல். "எவன் பெட்டிக்குள்ள போட்டுத் தின்னாலும், யாரு கேக்குன்னு தெரியணும்ல."